சேனையும் சவலையும்: குழவிப் பாலூட்டு வரலாற்றில் இரு சொற்கள்

தமிழ் மக்களின் வாழ்வியல் வரலாற்றை இலக்கியச் சான்று கொண்டு எழுதப் புகுந்தோர் களவும் கற்பும், போரும் கொடையும், உழவும் வணிகமும் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். குழவி எத்துணைக் காலம் தாய்ப்பால் உண்டது, எப்பொழுது சோற்றுக்கு மாறியது, அம்மாற்றத்தின்போது எந்நோயால் நலிந்தது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. அவை மருத்துவர்க்கு உரியன என்று விடப்பட்டன போலும். ஆயின் பாலூட்டலும் பால் மறப்பித்தலும் உடலின் செயல்களாதலோடு ஒரு மக்கட் கூட்டத்தின் வழக்கங்களும் ஆம். வழக்கத்திற்கு வரலாறு உண்டு. அவ்வரலாறு சொற்களிற் பதிந்து கிடக்கும்.

இக்கட்டுரை அத்தகைய சொற்கள் இரண்டனைப் பற்றிச் செல்வது. ஒன்று, பிறந்த குழவியின் நாவில் முதன்முதல் இடும் பொருளைக் குறிக்கும் ‘சேனை’. மற்றொன்று, தாய்ப்பால் உரிய காலத்திற்கு முன்னரே நின்றமையால் மெலிந்த பிள்ளையைக் குறிக்கும் ‘சவலை’. முன்னது பாலுக்கு முன் நிற்பது. பின்னது பாலுக்குப் பின் நிற்பது. இவ்விரு எல்லைகளிலும் குழவியின் மூச்சு இடருற்றது என்பதும், நம் செய்யுள் இலக்கியம் இவற்றிற்கு இடைப்பட்ட காலத்தையே பெரிதும் பாடிற்று என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

முதற்கண் இலக்கியத்தைக் காண்போம். குழவிக்கு ஊட்டுதல் பற்றிப் பேசுவார் பெரிதும் எடுத்துக்காட்டுவது நற்றிணையின் 110ஆம் பாட்டு. போதனார் பாடிய அச்செய்யுளில் செவிலி ஒரு கையில் தேன் கலந்த பால் நிறைந்த பொற்கலத்தையும் மற்றொரு கையில் சிறுகோலையும் ஏந்தி நிற்கின்றாள். உண்ண மறுக்கும் சிறுமியோ முத்துப்பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தரை நோக்கி ஓடுகின்றாள். இக்காட்சியைப் பண்டைத் தமிழகத்துக் குழவி வளர்ப்பின் பொதுச்சான்றாகக் கொள்வார் உளர். அது பொருந்தாது. பொற்கலமும் பொற்சிலம்பும் நரைமுதிர்ந்த செவிலியரும் எல்லா மனைக்கும் உரியன அல்ல. மேலும், அப்பாட்டு, பின்னாளில் வறிய கணவன் மனையில் வேளை தவிர்த்து உண்ணும் மகளின் திறம் வியந்து கூறப்படுவது. செல்வத்தை மிகுத்துக் காட்டினாலன்றி அவ்வியப்பு சிறவாது. அங்குக் கூறப்படும் பால் தாய்ப்பால் அன்று என்பதும் வெளிப்படை.

புறநானூற்றின் 188ஆம் பாட்டு இதனினும் பயனுடைய சான்று. பாண்டியன் அறிவுடை நம்பி அதனைப் பாடினான். குறுகுறு நடந்து வந்து, சிறுகை நீட்டி, கலத்தில் இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும், நெய்யிட்ட சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழவியை அவன் நம் கண்முன் நிறுத்துகின்றான். நடை கற்றதும், தன் கையால் உண்ணத் தொடங்கியதும், ஊட்டுவாரின் வரம்பிற்குள் நில்லாததுமான பருவம் அது. ஏறத்தாழ ஓராண்டும் அதற்குச் சிறிது மேலும் ஆன பிள்ளை எனலாம். சோறும் நெய்யும் குழவியின் உணவாகிவிட்டன. ஆயின் தாய்ப்பால் நின்றுவிட்டதா என்பதற்கு இப்பாட்டில் விடை இல்லை.

அதற்கு விடை கிடைப்பது அரண்மனையில் அன்று, பாணரும் புலவரும் வாழ்ந்த வறுமனையிலே ஆம். குமணனை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையை 160ஆம் பாட்டில் கூறுகின்றார். குடுமித் தலையுடைய சிறுவன் பாலற்ற முலையைச் சுவைத்துப் பார்க்கின்றான். பால் பெறாமல், கூழும் சோறும் உளவோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்களைத் திறக்கின்றான். உள்ளே ஒன்றும் இல்லாமை கண்டு அழுகின்றான். தாய் புலி வருகின்றது என்று அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் ஆற்றுகின்றாள். தந்தையிடம் சினந்து காட்டும் முகத்தைக் காட்டு என்கின்றாள். இப்பாட்டை வறுமையின் அவலத்திற்கே சான்றாகக் கொள்வது வழக்கம். குழவியுணவின் வரலாற்றிற்கும் இது அரிய சான்றாகும். கலத்தைத் திறக்கும் வலியும், புலியென்றால் அஞ்சும் அறிவும், தந்தையை நினைந்து முகம் சுளிக்கும் உணர்வும் உடைய பிள்ளை இரண்டு ஆண்டிற்குக் குறைந்தவன் ஆகான். அவன் முதலில் நாடியது முலையை. பின்னர் நாடியது கூழையும் சோற்றையும். எனவே பாலும் சோறும் ஒரே காலத்து இவனுக்கு உணவாய் இருந்தன என்பது போதரும். சோறு வந்தவுடன் பால் நிறுத்தப்படவில்லை. பால் இருக்கும்போதே சோறு சேர்ந்தது.

அப்புலவரே 159ஆம் பாட்டில், பல சிறுவர் பற்றியிழுத்துச் சுவைத்தலால் மெலிந்த தாயை, குப்பைக்கீரை கொய்து உப்பின்றி வேவித்து உண்ணும் நிலையிற் காட்டுகின்றார். பெருந்தலைச் சாத்தனார் 164ஆம் பாட்டில், அடுப்பிற் காளான் பூத்த மனையில், பால் வரும் துளையே தூர்ந்துபோன முலையைச் சுவைக்குந்தோறும் அழும் குழவியைக் காட்டுகின்றார். வறுமையால் தாய்ப்பால் எளிதில் வற்றுவதில்லை என்பது இக்கால உணவியலார் கண்ட முடிபு. குறையுணவு உண்ணும் தாயரும் தம் உடலைத் தேய்த்துப் பல திங்கள் குழவிக்குப் பால் சுரக்கின்றனர். ஆகவே பால் முற்றும் வற்றியதெனப் புலவர் கூறுவது அளவு கடந்த பட்டினியைக் குறிக்கும். அன்றிப் பரிசில் வேண்டுவோர் கூற்றில் அமைந்த மிகையும் ஆகலாம். இரண்டும் கலந்தது எனக் கொள்ளுதலே முறை.

இடைக்கால நூல்களும் நெடுநாட் பாலூட்டலையே காட்டுகின்றன. சேக்கிழார் பெருமான் ஞானசம்பந்தர் வரலாற்றைக் கூறுமிடத்துச் சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பொற்கிண்ணத்திற் பால் கறந்து ஊட்டியது அப்பிள்ளையின் மூன்றாம் ஆண்டில் என்பர். அற்புத நிகழ்ச்சியை வழக்கத்திற்குச் சான்றாக்குதல் தகாதெனினும், மூன்றாண்டுப் பிள்ளை பாலுக்கு அழுதலைக் கேட்போர் இயல்பென்றே கொண்டிருத்தல் வேண்டும். அன்றேல் வரலாறு நெஞ்சிற் படியாது. பெரியாழ்வார் திருமொழியில், ஊரெல்லாம் திரிந்து குறும்பு செய்து மீளும் கண்ணனை ஆய்ச்சி முலையுண்ண அழைக்கின்றாள். தாய்ப்பாலை அவர் ‘அம்மம்’ என்பர். மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘அம்மிஞ்ஞ’ என்னும் குழவிச் சொல் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. தமிழ்நாட்டு மனைகளில் ‘பாச்சி’ என்பது பாலுக்கும் ‘மம்மம்’ என்பது சோற்றுக்கும் வழங்குகின்றன. குழவி இவ்விரு சொற்களையும் ஒருங்கே கற்பது, இரண்டையும் ஒருங்கே உண்டமைக்கு அறிகுறி எனலாம்.

ஐவகைத் தாயரை வகுத்தோர், முலைத்தாய் வேறு, ஊட்டுந்தாய் வேறு, செவிலித்தாய் வேறு எனப் பிரித்தமையும் நினைத்தற்குரியது. இன்று ‘செவிலி’ என்றால் பால் கொடுத்து வளர்த்தவள் என்று பொதுவாகக் கருதுகின்றோம். பகுத்துரைத்தோர் அவ்வாறு கருதவில்லை. பால் தருதல் ஒரு தொழில், சோறூட்டல் பிறிதொரு தொழில் என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது.

இனி, பாலினின்று சோற்றுக்கு மாறுதலைத் தமிழர் எங்ஙனம் பெயரிட்டனர் என்று பார்ப்போம். ‘பால் மறத்தல்’, ‘பால் மறக்கடித்தல்’, ‘பால்குடி மறவாத பிள்ளை’ என்பன நம் வழக்குகள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், பழகச் செய்தல் என்னும் பழம்பொருளினின்று வந்தது. புதிய உணவிற்குப் பழக்குதல் என்பதே அதன் கருத்து. தமிழோ புதிய உணவைப் பற்றி ஒன்றும் கூறாது பழைய பாலை மறத்தலையே கூறுகின்றது. மறதி ஒருநாளில் வாராது. தானே மறக்கும் வரை விடுதல் ஒரு முறை. வேப்பெண்ணெயோ வேப்பிலை அரைத்த விழுதோ முலையில் தடவி வெறுப்பூட்டி மறக்கடித்தல் மற்றொரு முறை. ‘மறத்தல்’ என்னும் தன்வினையும் ‘மறக்கடித்தல்’ என்னும் பிறவினையும் இவ்வேறுபாட்டை நன்கு காக்கின்றன. பின்னது எப்பொழுது வேண்டப்பட்டது? பெரும்பாலும் தாய் மீண்டும் கருவுற்றபொழுது. சூலுற்றவள் பால் மூத்த பிள்ளைக்கு ஆகாது என்னும் நம்பிக்கை ஊர்தோறும் இருந்தது.

பிள்ளைத்தமிழில் இன்று வழங்கும் பத்துப் பருவங்களுள் சோறூட்டுதற்கெனத் தனிப்பருவம் இல்லை என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். செங்கீரை ஆடுதலும் சப்பாணி கொட்டுதலும் முத்தம் தருதலும் வருதலும் பாடப்பெற்றன. வளர்ச்சியின் படிகளை ஐந்தாம் திங்கள், ஒன்பதாம் திங்கள் என்று எண்ணிக் கண்ட மரபு அது. அத்துணை நுண்ணிய மரபில் முதற்சோறும் பால் மறத்தலும் இடம் பெறாமை வியப்பே. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயினும் பெண்பாற் பிள்ளைத்தமிழாயினும் பாடுவோர் பெரும்பாலும் ஆடவர். பிள்ளையை ஓடி வரக் கண்டவர் அவர். மறக்கடிக்கப்பட்ட பிள்ளை இரவெல்லாம் அழுததைக் கண்டவர் வேறு.

அவ்வேறானவர் வழங்கிய சொல்லே ‘சவலை’. பால் போதாமையால் மெலிந்த குழவி சவலைக் குழவி; இளையது வயிற்றில் உற்றமையால் பால் இழந்து தேய்ந்த மூத்தது சவலைப்பிள்ளை; அங்ஙனம் மெலிதல் ‘சவலை பாய்தல்’. இச்சொல்லின் ஆழத்தை யாப்பிலக்கணமும் காட்டும். இரண்டு குறள்வெண்பாக்கள் இடையே தனிச்சொல் இன்றி இணைந்து நாலடியாய் வருவதைச் சவலை வெண்பா என்பர். நேரிசை வெண்பாவில் நாற்சீர் பெற்றுத் தனிச்சொல்லொடு நிறைய வேண்டிய இரண்டாம் அடி, இங்கு ஒரு சீர் குன்றி முச்சீராய் நிற்கும். ஊட்டம் குறைந்து இடையில் ஒடுங்கிய பிள்ளையின் தோற்றமே இப்பெயருக்கு அடியாதல் வேண்டும். காய்ச்சிய பாலையும் சுட்ட சங்கையும் உவமை கூறும் மூதுரைச் செய்யுள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது. பாலும், பாலூட்டும் சங்கும் ஒருங்கு வந்த செய்யுளே சவலையாய் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் நினைக்க இனிதாயுள்ளது. இலக்கண நூலார் எடுத்தாளும் அளவிற்கு இச்சொல் மனைதொறும் வழங்கிற்று என்பதே நாம் கொள்ளத் தக்கது.

இத்தகைய சொல் தமிழுக்கே உரியது அன்று. மேலை ஆப்பிரிக்காவில் அக்காலத்துக் ‘கோல்டு கோஸ்டு’ எனப்பட்ட கானா நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் பணியாற்றினார். உடல் வீங்கி, தோல் நிறம் மாறி, மயிர் செம்பட்டையாகி இறக்கும் குழந்தைகளை அவர் அங்குக் கண்டு 1933இல் அந்நோயைப் பற்றி எழுதினார். 1935இல் அதற்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயரையே நூலுலகிற்கு அளித்தார். ‘குவாஷியோர்க்கர்’ என்னும் அச்சொல் அக்ரா நகரைச் சூழ வழங்கும் கா மொழிக்கு உரியது. இளைய குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் ஆராய்ந்த காரணத்தை அம்மக்களின் ஒரு சொல் உட்கொண்டிருந்தது. தமிழ்ச் ‘சவலை’ வீக்கத்தை அன்றி மெலிவையே குறித்தலின், நோய்க்குறி நோக்கி இரண்டும் ஒன்றென்றல் கூடாது. காரணம் நோக்கிப் பெயரிட்ட முறை ஒன்றே.

அவ்வம்மையார் பின்னர் மலேயாவுக்கு மாற்றப்பட்டார். தோட்டத் தொழிலாளராகக் குடியேறிய தமிழர் நிறைந்த நாடு அது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரை, தாய்ப்பாலை விலக்கிக் குழவிக்கு இனிப்பூட்டிய டப்பாப்பாலைப் புகட்டச் செய்யும் விளம்பரத்தைக் கொலையென்றே கூறிற்று. தலைப்பிலேயே பாலையும் கொலையையும் இணைத்தார். அதுகாறும் சவலைக்குக் காரணம் அடுத்த கருவும் வறுமையும். இனி டப்பாவும் காரணமாயிற்று. பால் வற்றாத தாயின் பிள்ளையும் சவலை பாயக்கூடும் என்பது புதிய செய்தி.

சவலைப் பிள்ளையை வருத்தியது மெலிவு மட்டும் அன்று. நம் நாட்டுக் குழவி மருத்துவ நூல்கள் ‘பாலவாகடம்’ என்னும் பெயரால் வழங்குகின்றன. அவை மாந்தம், கணை, தோடம், அக்கரம் என நோய்களை வகுத்துக் கூறும். அவற்றுள் ‘கணை’ என்பது காய்ச்சல், இருமல், இளைப்பு, உடல் தேய்வு ஆகியன ஒருங்கு வரும் நிலை. சிறுவர்க்கு வரும் காசநோயின் தொடக்கநிலை பலவும் இப்பெயருள் அடங்கியிருத்தல் கூடும். மெலிவையும் மார்புச் சளியையும் ஒரே பெயருக்குள் வைத்தமை கருதற்பாலது. மெலிந்த பிள்ளைக்கு நுரையீரல் அழற்சி எளிதில் வருதலும், வந்தது கொல்லுதலும் இன்று ஐயமற நிறுவப்பட்டவை. நம் மருத்துவர் அதனைக் கண்டனர். ஆயின் காரணம் கூறுமிடத்துப் பெரும்பாலும் தாயின் உணவையும் அவள் பாலின் குற்றத்தையும் சுட்டினர். குழவி இருமினால் தாய்க்குப் பத்தியம். இருமல் நில்லாவிடில் அவள் பாலையே நிறுத்துதல். பால் நின்றமையால் வந்த நோய்க்குப் பாலையே குற்றம் சாட்டியது இம்மரபின் பெரும்பிழை என்று கூறத் தயங்க வேண்டுவதில்லை.

தாய்ப்பாலுக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பு பிற நாட்டாரால் எண்ணி அளக்கப்பட்டுள்ளது. நம் நாட்டு வழக்கங்களை மதிப்பிட அளவுகோல் வேண்டுமாதலின் அவற்றுள் மூன்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1924 முதல் 1929 வரை 20,061 குழவிகளை முதல் ஒன்பது திங்கள் தொடர்ந்து கண்காணித்து, அதன் முடிபுகளைக் கிரூலியும் அவர்தம் துணைவரும் 1934இல் வெளியிட்டனர். தாய்ப்பாலே உண்டவை 9,749. அவற்றுள் மூச்சு நோயால் இறந்தவை 4. தாய்ப்பால் அறவே பெறாதவை 1,707. அவற்றுள் அந்நோயால் இறந்தவை 82. இவ்வெண்களைப் பன்முறை படித்தாலும் திகைப்பு நீங்குவதில்லை. தாய்ப்பால் பெறாத பிள்ளைகளுட் பல முன்னரே நோயுற்றவையாகவோ தாயற்றவையாகவோ இருந்திருத்தல் கூடும் என்று கழித்துப் பார்ப்பினும், எஞ்சும் வேறுபாடு பெரிதே.

பிரேசில் நாட்டுத் தென்பகுதியில் போர்ட்டோ அலெக்ரி, பெலோட்டஸ் என்னும் நகர்களில் விக்தோராவும் அவர்தம் துணைவரும் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. தாய்ப்பாலே உண்ட குழவியை நோக்க, அதனை அறவே இழந்த குழவி வயிற்றுப்போக்கால் இறக்கும் இடர் 14.2 மடங்கு என்றும், மூச்சு நோயால் இறக்கும் இடர் 3.6 மடங்கு என்றும் அவர்கள் கண்டனர். மூன்றாவது, பெலாரஸ் நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் 17,046 தாய்சேய்களைச் சேர்த்து நடத்தப்பெற்றது. அங்கே, பாலூட்டலை ஊக்கிய மருத்துவமனைகளில் பிறந்த குழவிகட்கு வயிற்று நோய் குறைந்தது. ஆயின் மூச்சு நோய் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை என 2001இல் அறிவித்தனர். முன்னிரு கணக்கோடு இது முரண்படுவது போலத் தோன்றும். பெலாரஸில் எல்லாத் தாயரும் பாலூட்டத் தொடங்கியவரே; நெடுநாள் ஊட்டியோரையும் குறுநாள் ஊட்டியோரையுமே அங்கு ஒப்பிட்டனர். அவர்கள் எண்ணியவற்றுட் பெரும்பாலன எளிய சளியும் இருமலும். சிகாகோவிலும் பிரேசிலிலும் எண்ணியவை இறப்புகள். தாய்ப்பால் தடுமனைத் தடுப்பதினும் நுரையீரல் அழற்சியால் நேரும் இறப்பைத் தடுப்பதில் வலிது என்பதே மூன்றையும் சேர்த்து நோக்குவார்க்குத் தோன்றும். வறுமையும் நெருக்கமும் மிக்க மனைகளில் அவ்வலிமை தெளிவாகப் புலப்படும். புறநானூற்று வறுமனைகளை இவ்விடத்து நினைத்துக்கொள்க.

இக்காவல் எவ்வாறு நிகழ்கின்றது? தாய் தான் வாழும் மனையின் காற்றையே மூச்சாக உள்வாங்குகின்றாள். அம்மனையில் உலவும் நோய்க்கிருமிகட்கு எதிராகவே அவள் உடல் காப்புப் புரதங்களை ஆக்குகின்றது. அவை பாலின் வழிக் குழவியின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சவ்வில் படிந்து கிருமி ஒட்டாது காக்கும். இம்யூனோகுளோபுலின் ஏ எனப்படும் அப்புரதம் மிக்குச் செறிந்திருப்பது பிறந்த முதல் சில நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலில். அதுவே சீம்பால்.

ஈண்டுத்தான் ‘சேனை’ என்னும் சொல் நம் ஆராய்ச்சிக்குள் வருகின்றது. தென்மாவட்டங்களிற் பிறந்த குழவிக்குத் தாய்ப்பால் கொடுக்கு முன் குடும்பத்து மூத்தார் ஒருவர் சர்க்கரை கரைத்த நீரையோ தேனையோ கழுதைப் பாலையோ விரலால் தொட்டு அதன் நாவில் வைத்தல் சேனை வைத்தல் எனப்படும். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையால், நற்பெயர் எடுத்தவரையே இதற்குத் தேர்ந்தனர். முரட்டுப் பிள்ளையைப் பார்த்து, இவனுக்குச் சேனை வைத்தவர் யார் என்று வினவும் வழக்கம் இன்றும் உண்டு. உறவைக் குழவியோடு பிணைக்கும் சடங்காக நோக்கின் இஃது அழகியதே. ஆயின் இதனோடு வந்தது சீம்பாலைப் பீச்சிக் கொட்டுதல். அது கெட்ட பால், செரியாத பால் என்று முதல் இரண்டு மூன்று நாட்கள் பிள்ளையைத் தாயின் முலையில் விடார். அந்நாட்களில் சர்க்கரைநீரே உணவு.

இது நம்மவர்க்கே உரிய பேதைமை என்று நாணவேண்டுவதில்லை. சுசுருத நூல், மூன்று நான்கு இரவு கழிந்த பின்னரே பால் வழி திறக்கும் என்று கருதி, முதல் நாட்களில் தேனும் நெய்யும் கொடுக்கக் கூறும். கிரேக்க மருத்துவர் சொரேனஸ் தாயின் பாலை இருபது நாள் வரையும் ஐயுற்றுத் தேனை முதலுணவாக விதித்தார். இங்கிலாந்தில் வில்லியம் கடோகன் என்பார் 1748இல் வெளியிட்ட சிறுநூல், பிறந்த குழவிக்குப் பிற பொருள்களைப் புகட்டுவதைக் கடிந்து தாயின் முலையிலேயே விடவேண்டுமென்று வற்புறுத்தியது. கடல் கடந்த நாடுகளும் ஒரே தவற்றைச் செய்திருக்கின்றன. நம் நாட்டு வழக்கிற்கு மட்டும் உரிய முரண் ஒன்று உண்டு. ஆவின் சீம்பாலை வீணாக்குவார் தமிழ்நாட்டில் இல்லை. வெல்லமும் ஏலமும் இட்டுத் திரட்டிக் காய்ச்சி அண்டை வீட்டார்க்கும் பகிர்ந்து உண்பர். கன்றுக்கு அதனை முதலில் ஊட்டாவிடில் கன்று நோயுறும் என்பதையும் உழவர் அறிவர். தன் மனையில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் அஃது ஆகாததாயிற்று.

சீம்பாலை இழந்த குழவிக்கு இருமல் வந்தால் கொடுத்தது என்ன? கழுதைப்பால் ஒன்று. தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்களவு பால் கறந்து விற்பாரைத் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் காணலாம். காய்ச்சாது அப்படியே புகட்டுவர். மற்றொன்று உரைமருந்து. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், சுக்கு, கடுக்காய் முதலியவற்றைக் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலிற் குழைத்துக் கொடுத்தல் அது. வசம்பிற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயரே உண்டு. மூன்றாவது எண்ணெய். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் சொட்டி வாயால் ஊதிச் சளியெடுத்தலும், மலம் இளகவும் மாந்தம் தணியவும் விளக்கெண்ணெயைப் புகட்டுதலும், பின்னர்ச் சாம்பிராணிப் புகையிற் காட்டுதலும் தேர்ந்த பாட்டியரின் கைவேலையாகப் போற்றப்பட்டன.

இவற்றைப் புகட்டும் கருவி சங்கும் பாலாடையும் ஆம். காய்ச்சிய பாலின் மேற்படியும் ஏட்டிற்கும் பாலாடை என்பதே பெயர். கருவியாகிய பாலாடை, மூக்கு நீண்ட சிறுகிண்ணம். வெள்ளியாற் செய்து தாய்மாமன் வரிசையாகக் கொணர்வதும் உண்டு. பிள்ளையைக் கால்மேல் மல்லாத்தி, கைகளை அடக்கி, மூக்கைப் பொத்தி, அது அழ வாய் திறக்குங்கால் பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்துச் சாய்ப்பர். அழும் பிள்ளை மூச்சை உள்ளிழுக்கும். எண்ணெயும் உடன் உள்ளிழுக்கப்படும். நீரோ பாலோ மூச்சுக்குழலில் புகுந்தால் இருமல் எழுந்து தள்ளிவிடும். எண்ணெய் வழுக்கிச் செல்வதாதலின் இருமலை எழுப்பாமலே நுரையீரலின் அடிவரை இறங்கும். அங்குக் கரையாது தங்கி, அழற்சியை விளைத்து, நாட்பட்டு நுரையீரலை இறுகச் செய்யும். 1973இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், தென்னிந்தியக் குழவிகளிடத்தும் சிறுவரிடத்தும் காணப்படும் இவ்வெண்ணெய் நிமோனியாவைப் பற்றித் தனிக்கட்டுரையே வெளிவந்தது. சளிக்கு மருந்தென்று வார்த்தது சளியினும் கொடிய நோயைத் தந்தது. பாட்டியர் அன்பிற் குறைந்தவர் அல்லர். மருந்திட்டு நெடுநாள் கழித்து வரும் நோயை அம்மருந்தோடு தொடர்புபடுத்திக் காணும் வாய்ப்பு அவர்க்கு இல்லை.

இக்குழவி வழக்குகள் எவையும் பழைய செய்யுளிற் காணக் கிடைப்பதில்லை. முலைத்தாயைப் பாடினர், பொற்கலத்தைப் பாடினர், வற்றிய முலையையும் பாடினர். சேனையும் சீம்பாலும் மூக்கிற் சொட்டிய எண்ணெயும் பேற்றறையின் உள்ளே நிகழ்ந்தன. புலவர் அவ்வறைக்கு வெளியே நின்றனர். ஆதலின் இலக்கியத்தை மட்டும் கற்று, பண்டைக் குழவி வளர்ப்பு குறையற்றது என்று எழுதுவாரும், மருத்துவ அறிக்கைகளை மட்டும் கற்று, அது முழுதும் அறியாமை என்று எழுதுவாரும் ஒருபுடை கண்டவரே ஆவர். இரண்டாண்டிற்கு மேலும் பாலூட்டி, அதனோடு சோறு சேர்த்து, மெல்ல மறக்கவிட்ட முறையை 2001இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற நெறியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பிற உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது அந்நெறி. நடுப்பகுதியில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. தொடக்கத்தில், சேனையின் இடத்தில், அவை பிரிகின்றன.

பேற்றறைச் சொற்களைத் தொகுக்கும் பணி விரைந்து செய்தற்குரியது. மருத்துவமனைப் பேறு பெருகியபின் அச்சொற்களை வழங்குவோர் அருகி வருகின்றனர். அகராதியிற் புகுந்த சவலை பிழைத்தது. சேனை வைத்தலின் வட்டார வேறுபாடுகளும், உரைமருந்தின் வரிசைகளும், பால் மறக்கடித்தலின் முறைகளும் முதிய பெண்டிரின் நினைவிலேயே உள்ளன. தொகுப்போர் சொல்லை மட்டும் எழுதாது, எது எவ்வளவு, எத்தனையாவது நாள், குழவியைக் கிடத்தியோ நிமிர்த்தியோ என்பனவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும்.

கிடத்துதலும் நிமிர்த்துதலும் சிறுசெய்தி என்று கருதற்க. 1992இல் இயற்றி 2003இல் திருத்திய இந்தியச் சட்டம் குழவிப்பால் மாவையும் பால் புட்டியையும் விளம்பரப்படுத்தலைத் தடைசெய்தது. புட்டி விலக்கப்பட்ட மருத்துவமனைகளில், குறைமாதத்திற் பிறந்து முலையுறிஞ்ச வலியற்ற குழவிக்குத் தாயின் பாலைக் கறந்து ஊட்டக் கருவி ஒன்று வேண்டியிருந்தது. மருத்துவர் தேர்ந்தெடுத்தது பாலாடையை. தூய்மை செய்ய எளிது, சிந்துதல் குறைவு. பிள்ளையைத் தலை நிமிர்த்தி மடியில் இருத்தி, உதட்டோரத்தில் வைத்துச் சிறுகச் சிறுகச் சாய்த்து, அது விழுங்கிய பின்னரே அடுத்த துளியை விடுகின்றனர். கருவி அதுவே, கிடத்திய இடத்தில் நிமிர்த்துதலும், எண்ணெய் இருந்த இடத்தில் சீம்பாலும் வந்துள்ளன. உலகத்துக் குழவி மருத்துவ நூல்கள் இன்று அதனைப் ‘பாலாடை’ என்னும் பெயராலேயே வழங்குகின்றன.